நாளுக்கு நாற்பது தந்தி

புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள் காலை, எங்கள் கடலோர ஊரான கேதகிபாட்னாவில் யாருக்கும் இல்லாத மின்சாரம் எனக்கு வந்தது. நான் கேட்கவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. நான் மிட்டாய்க்கடைக்காரன், பெயர் பாய்தர் சாஹு. பாலைத் திரித்தெடுத்த பன்னீரைச் சர்க்கரையோடு பிசைந்து, சால் மரத்து இலையில் பொதிந்து, விறகுக் கனலில் மெதுவாகச் சுட்டெடுக்கும் செனாபோடோதான் என் தொழில். அடுப்புக்குச் சவுக்கு விறகு போதும். மின்சாரம் வேண்டியிருப்பது கூரையில் தொங்கும் ஒரு விசிறிக்கு, அதுவும் ஈ ஓட்டுவதற்கு.

வாசலில் ஜீப் நின்றது. லயன்மேன் கோகுலா இறங்கினான். பின்னால் ஏழெட்டுப் பேர். அவர்கள் கையில் ஒரு தேங்காய், ஒரு படிவம், படம் எடுக்க ஒரு போன். மூன்று நாளாகத் தூங்காத முகம் கோகுலாவுக்கு. கம்பத்தில் ஏறி இறங்கி, கடைக்குள் வந்து ஸ்விட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. தேங்காய் உடைத்தார்கள், கைதட்டினார்கள்.

"மௌசா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. இந்தக் கரை முழுக்க மொதல் கரண்டு உங்களுக்குத்தான்," என்றான். மௌசா என்றால் சித்தப்பா; ஊரில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் படிவத்தைப் பார்க்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியைப் பார்த்தேன். அங்கே என் மகள் ஜிலி இருந்தாள். பிரசவத்துக்கென்று தாய்வீடு வந்தவள். புயல் அடங்கிய காலையில், நாள் நிரம்புவதற்கு ஆறு வாரம் முன்பே ஒரு பெண்ணைப் பெற்றுப்போட்டாள். பிள்ளை ஆயிரத்து அறுநூறு கிராம். ஒரு செனாபோடோவின் எடைகூட இல்லை. ஜிலிக்கு ரத்தப்போக்கும் ஜுரமும். குறைமாசப் பிள்ளையைக் கதகதப்பாக வைக்கும் வார்மர் என்கிற மேசை ஆஸ்பத்திரியில் ஒன்று உண்டு, ஆனால் அது கரண்டில் ஓடுவது. ஜெனரேட்டருக்குள் கடல் தண்ணீர் ஏறிவிட்டது. பேட்டரி முதல் நாளோடு உயிரை விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் மரங்கள் விழுந்து கிடந்தன. நர்ஸ் மினத்தி தீதி வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றிப் பிள்ளைக்கு அண்டை கொடுத்து, அது ஆறுவதற்குள் அடுத்ததை மாற்றி, ஒரு பகலும் ஒரு இரவும் ஓட்டியிருந்தாள். இனி எத்தனை நேரம் தாங்கும் என்று நான் அவளைக் கேட்கவில்லை. பதில் வந்துவிடுமோ என்று பயம்.

எதிரே ஆஸ்பத்திரி இருட்டில் கிடக்கிறதே, முதலில் அங்கே கொடுத்துவிட்டு வாயேன் என்று கோகுலாவிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"லிஸ்ட்ல நீங்கதான் ஒண்ணாம் நம்பர். ஆஸ்பத்திரி லிஸ்ட்லயே இல்ல. நான் என்ன பண்ணட்டும், மௌசா?"

லிஸ்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜிலி பிறப்பதற்கு முந்தைய வருஷம் ஒரு பெரும்புயல் வந்து எங்கள் கரையைத் துடைத்துவிட்டுப் போனது. அதன் பிறகு, புயல் வந்தால் யாருக்கு முதலில் மின்சாரம் தரவேண்டும் என்று தீர்மானிக்கப் பெரியவர்கள் கூடி ஒரு பட்டியல் போட்டார்கள். வெளியூருக்குச் செய்தி சொல்ல அன்றைக்குத் தந்தியைத்தான் நம்பினார்கள். ஆகவே முதல் எண் தந்தி அலுவலகம். இரண்டாம் எண் சினிமாக் கொட்டகை, ஏனென்றால் நிவாரண அதிகாரிகள் அந்த முறை அங்கேதான் படுத்திருந்தார்கள். மூன்றாவது ஐஸ் பாக்டரி. நான்காவது அரசு மருந்தகம்; அது அப்போது ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. அன்றைக்கு அது சரியான பட்டியல்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

பிறகு தந்தியையே நாட்டில் நிறுத்திவிட்டார்கள். கட்டடத்தை நான் வாடகைக்கு எடுத்தேன். வாசலில் இருக்கும் இரும்புப் பெயர்ப்பலகையைக் கழற்றக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. அதனால் இன்றும் ஊரில் என் கடைக்குத் தார்கர் என்றுதான் பெயர், தந்திவீடு என்று அர்த்தம். சினிமாக் கொட்டகை இருந்த இடத்தில் எருக்கஞ்செடி. மருந்தகக் கொட்டகையில் தண்டபாணி கௌடா எருமை கட்டுகிறான். என் பன்னீருக்குப் பால் அவனுடையதுதான். எதிரே இருக்கும் ஆஸ்பத்திரி எட்டு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது. அதைத் திருத்த மூன்று முறை கூட்டம் போட்டார்களாம். முதல் முறை வானம் தெளிவாக இருந்ததால் அவசரமில்லை என்று கலைந்தார்கள். இரண்டாம் முறை மழை வரும்போல் இருந்ததால் சீக்கிரம் கலைந்தார்கள். மூன்றாம் முறை முக்கியமான கட்டத்தில் கரண்டு போய்விட்டது.

கடையிலிருந்து ஒரு வயர் இழுத்துத் தெருவைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கோகுலா படிவத்தில் ஒரு வரியைக் காட்டினான். முன்னுரிமை மின்சாரத்தை முன்னுரிமை இல்லாதவருக்கு வழங்குவது குற்றம், கண்டால் உடனே துண்டிக்கப்படும் என்று அச்சடித்திருந்தது. கீழே நான் கையெழுத்துப் போடவேண்டிய கோடு.

"கரண்டு தெருவைத் தாண்டக்கூடாது. சரி. பிள்ளை தெருவைத் தாண்டி வரலாமா?" என்று கேட்டேன்.

அவன் படிவத்தை முன்னும் பின்னும் இரண்டு தரம் படித்தான். "அதைப் பத்தி ஒண்ணும் போடல, மௌசா," என்றான்.

நான் கையெழுத்துப் போட்டேன். மினத்தி தீதியும் நானும் இரண்டு மீனவர்களும் வார்மரைத் தூக்கிக்கொண்டு, விழுந்து கிடந்த தென்னைகளுக்கு மேலாக ஏறி இறங்கித் தெருவைக் கடந்தோம். கோகுலாவும் ஒரு கால் பிடித்தான். பலகாரக் கண்ணாடிப் பெட்டியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் மேசையைப் போட்டோம். தீதி பிள்ளையைக் கொண்டுவந்து படுக்கவைத்தாள். மேலே கம்பி சிவந்தது. அரை மணி கழித்து அவள் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, எனக்கு டீ இருக்கா மௌசா என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் கோகுலா வேறொரு காகிதத்தோடு வந்தான். முன்னுரிமை மின்சாரம் பெற்றவர் அதைச் சரியாகப் பயன்படுத்துகிறாரா என்பதற்கான தினசரி அறிக்கை. தந்தி அலுவலகமாக இருந்தால், அன்று கையாண்ட தந்திகள் எத்தனை என்று எழுதவேண்டும். நான் யோக்கியன். பூஜ்யம் என்று எழுதினேன்.

மறுநாள் காலையே காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. கீழே முன்னுரிமை மீட்புப் பிரிவின் தலைவர் திரிலோசன் மகாபாத்ராவின் கையெழுத்து. ஊருக்கு உயிர்நாடியான தந்தி அலுவலகம் இந்த நெருக்கடியில் ஒரு தந்தியைக்கூடக் கையாளாதது வருந்தத்தக்கது, நாளுக்கு நாற்பதுக்குக் குறைந்தால் இணைப்பு துண்டிக்கப்பட்டு அடுத்த எண்ணுக்குத் தரப்படும் என்று எழுதியிருந்தது. அடுத்த எண் எருக்கஞ்செடி.

"இது மிட்டாய்க்கடைன்னு அவருக்குச் சொல்லலியாடா நீ?"

"சொன்னேன். லிஸ்ட்டையே மாத்தச் சொல்றியான்னு கேட்டாரு. போன வருசம் அப்படிச் சொன்னவன் இப்ப மலைமேல வேலை பாக்குறான், மௌசா."

தந்தி எப்படி இருக்கவேண்டும் என்று அவனைக் கேட்டேன். அவன் பிறந்து விவரம் தெரிவதற்குள் தந்தி போய்விட்டது. சுருக்கமா எழுதணும்னு எங்கப்பா சொல்வாரு என்றான். நான் மிட்டாய்ப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து முதல் தந்தியை எழுதினேன். பெறுநர், திரிலோசன் மகாபாத்ரா. ஆஸ்பத்திரியில் கரண்டு இல்லை. பேத்தி எடை ஆயிரத்து அறுநூறு கிராம். விளக்கு கொடுக்கவும். பாய்தர் சாஹு. ஒன்று ஆயிற்று. இன்னும் முப்பத்தொன்பது.

மினத்தி தீதி வாசலில் நின்று, தெருவில் போன ஒருவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவ்வளவுதான் செய்தாள். ஒரு மணி நேரத்தில் கடை வாசலில் வரிசை நின்றது. வீட்டுக்கூரை பறந்துபோனவர்கள், படகு உடைந்தவர்கள், அவல் மூட்டைக்கு நிற்கவேண்டிய வரிசையை விட்டுவிட்டு வந்தார்கள். எல்லோருக்கும் செய்தி சொல்ல யாரோ ஒருவர் வெளியூரில் இருந்தார்கள். வலை போச்சு, படகு இருக்கு, அம்மா இருக்கா, என்று ஒரு மீனவன் அண்ணனுக்கு எழுதச் சொன்னான். உன் ஆட்டை நான்தான் அவிழ்த்துக் காப்பாத்தினேன், ரெண்டு குட்டி போட்டிருக்கு, ஒண்ணு எனக்கு, என்று ஒருத்தி ஓரகத்திக்குத் தந்தியடித்தாள். ஒரு கிழவர் யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் நின்றார்; மகன் பேச்சுவார்த்தையை நிறுத்திப் பதினொரு வருஷம். கடைசியில் மகனுக்கே எழுதினார். இங்கே புயல், அங்கே எப்படி, என்று நாலே சொல். நான் சூரத்தில் தறி ஓட்டும் மருமகனுக்கு எழுதினேன். அன்றைக்கு எண்ணிக்கை நூற்றுப் பன்னிரண்டு.

அட்டைகளை மிட்டாய்ப் பெட்டியில் போட்டு, நூல் கட்டி, ஜீப்பில் அனுப்பினோம்; பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்த்திசைச் சாலை மட்டும் திறந்திருந்தது. தலைமை அலுவலகத்தில் எண்ணிப் பார்த்து, சிப்பம் கட்டி, அலமாரியில் வைத்தார்களாம். அதற்குமேல் அவற்றை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கோகுலா மட்டும் போகிற வழியில், போனில் சிக்னல் கிடைத்த ஒரு மேட்டில் ஜீப்பை நிறுத்தி, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முகவரியோடு எழுதியிருந்த எண்ணுக்குத் தன் போனிலிருந்தே கூப்பிட்டுப் படித்துக் காட்டியிருக்கிறான். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆட்டுக்குட்டி விஷயத்தில் அந்த ஓரகத்தியிடம் அவன் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டானாம்.

நூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் மகாபாத்ரா நேரிலேயே புறப்பட்டு வந்தார். சிவந்த மேனி, இஸ்திரி கலையாத சட்டை, கூடவே படிவம் பிடிக்க ஓர் உதவியாளர். பெயர்ப்பலகையைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். உள்ளே வந்தார். ஒரு பக்கம் செனாபோடோ அடுக்கியிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் வார்மர், அதன்மேல் என் பேத்தி, பக்கத்தில் வெள்ளை உடுப்பில் தீதி. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதருக்கு எதையும் காட்ட முடியாது.

தீதி நேராகவே பேசினாள். "சார், இது பிரசவமாகி நாலு நாளான பிள்ளை. எதிர்ல ஆஸ்பத்திரில இதோட அம்மா கெடக்கா. அங்கயும் கரண்டு வேணும்."

மகாபாத்ரா பிள்ளையைப் பார்த்தார். பிறகு உதவியாளரைப் பார்த்தார். அந்த ஆள் படிவத்தை மேலிருந்து கீழே தேடிவிட்டு, இயந்திரம் இயங்குகிறதா என்று ஒரு கட்டம் இருக்கு சார் என்றான். பிள்ளைக்குக் கட்டம் இல்லை. மகாபாத்ரா வார்மரைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது. இயங்குகிறது என்று எழுதச் சொன்னார். ஊழியர் சீருடையில் இருக்கிறாரா என்ற கட்டத்துக்குத் தீதியைப் பார்த்துவிட்டு ஆம் என்றார். அந்த வேளையில் பிள்ளை அழுதது. செய்திகள் தொடர்ந்து வருகின்றனவா என்ற கட்டத்துக்கும் ஆம் விழுந்தது.

ஆஸ்பத்திரியைப் பற்றி நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கையமர்த்தினார்.

"பாய்தர் பாபு, ஆஸ்பத்திரிக்கு மூணாம் நாளே கரண்டு குடுத்தாச்சு. நாலாம் நம்பர். பொறுப்பாளரே கையெழுத்துப் போட்டிருக்கார், பாருங்க."

காட்டினார். பொறுப்பாளர், தண்டபாணி கௌடா. அந்தக் காலத்து மருந்தகத்தின் முகவரி. பால் கறக்கும் இடத்தில் ஆறு பல்பு எரிகிறது, எருமைகள் ரெண்டு நாளா தூங்கவே இல்ல, என்று தண்டபாணி காலையில் என்னிடம் புலம்பியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அது மாட்டுக் கொட்டகை என்றேன். மகாபாத்ரா வருத்தத்தோடு என்னைப் பார்த்து, இருக்கிற ஆஸ்பத்திரியைக் குறைத்துப் பேசுவது சரியில்லை என்றார். எருமையைப்பற்றி நான் தவறாக எதுவும் பேசவில்லை.

ஏழாம் நாள் காலை தார்கர் வாசலில் பாராட்டு விழா என்று சொல்லி அனுப்பினார்கள். புயலுக்குப் பின் மீண்டெழுந்த முன்மாதிரி அலுவலகமாம். மரம் வெட்டுகிற வண்டி ஒன்று வந்தது. சாலையைத் திறக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஊரே ஓடியது. பந்தலுக்கு இடம் போதவில்லை என்று என் வாசலில் புயலுக்குத் தப்பி நின்ற ஒரே ஒரு முருங்கையை வெட்டிவிட்டுப் போனார்கள்.

மேடைக்கு மைக், இரண்டு ஒலிபெருக்கி, ஆறு பெரிய விசிறி, பகலில் எரிகிற வண்ண விளக்குச் சரம். எல்லாவற்றையும் என் கடைக் கம்பியில் சொருகினார்கள். இத்தனை சுமை தாங்காது, பிள்ளை இருக்கிறது என்று தீதி அந்த உதவியாளரிடம் கெஞ்சினாள். கெஞ்சுகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. தலைவர் உட்காருகிற மேடையும் முன்னுரிமையில்தான் அடக்கம் என்று அவன் சொன்னான்.

மகாபாத்ரா பேச எழுந்தார். நான் கடைக்குள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நண்பர்களே, நிலம் மாறலாம், கடல் மாறலாம். பட்டியல் மாறக்கூடாது. இந்தப் புயலில் மூவாயிரம் கம்பங்கள் சாய்ந்தன. பட்டியலில் ஓர் எழுத்துகூடச் சாயவில்லை. மின்சாரம் இல்லை என்று இந்த ஏழு நாளில் ஒருவர்கூட எனக்குப் போன் செய்யவில்லை. போன் வேலை செய்யாத நிலையிலும் ஒருவர்கூடச் செய்யவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். அந்த நம்பிக்கைக்கு நான் தலைவணங்குகிறேன்."

தலைவணங்கிய இடத்தில் டப்பென்று சத்தம் கேட்டது. கம்பத்தில் பியூஸ் போய்விட்டது. விசிறிகள் நின்றன. ஒலிபெருக்கி செத்தது. வார்மரின் கம்பி சிவப்பிலிருந்து கறுப்பானது. மகாபாத்ராவுக்கு இயற்கையிலேயே நல்ல குரல், ஆகவே அவர் எதையும் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார்.

ஏறிப் போட்டால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் லைன் கிளியர் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த லயன்மேனும் கம்பத்தில் கைவைக்கக்கூடாது. அது நல்ல விதி. அதை மீறிச் செத்தவர்கள் இரண்டு பேர் கோகுலாவின் கூட்டாளிகள். சீட்டில் அதிகாரி கையெழுத்துப் போடவேண்டும். அதிகாரி மேடையில் பேசிக்கொண்டிருந்தார். கோகுலா சீட்டை எழுதி எடுத்துக்கொண்டு மேடையேறி அவர் கையில் கொடுத்தான். அவர் பேச்சை நிறுத்தாமல் வாங்கி, யாரோ பாராட்டுச் சீட்டு தருகிறார்கள் என்று நினைத்து, கூட்டத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கோகுலா இறங்கி இன்னொரு சீட்டு எழுத ஆரம்பித்தான்.

உள்ளே தீதி பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். பிறகு என்னைத் தொடச் சொன்னாள். பாலில் கைவைத்துப் பார்க்காமலே, பாத்திரத்தைத் தொட்டே அதன் சூட்டைச் சொல்கிறவன் நான். நாற்பது வருஷத்துக் கை. அந்தப் பாதம் சில்லிட்டிருந்தது. பிள்ளை அழக்கூட இல்லை.

"சட்டையைக் கழட்டுங்க, மௌசா," என்றாள் தீதி.

கழற்றினேன். அடுப்புச் சுவரோரம் என்னை உட்காரவைத்து, பிள்ளையின் துணியை விலக்கி, என் வெறும் மார்பில் ஒட்டிப் படுக்கவைத்தாள். மேலே பஞ்சு, அதற்குமேல் தன் முந்தானைத் துண்டு. ஜிலிக்குத் தெம்பிருந்தா அவ செஞ்சிருப்பா, இப்ப நீங்கதான், அசையாதீங்க என்றாள். நான் அசையவில்லை. முதுகில் அடுப்பின் சூடு, மார்பில் ஈரத்துணி போல அந்தக் குளிர்ச்சி. அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது எனக்குத் தெரிந்தது. வெளியே அந்தக் குரல் மின்சாரத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தது. என் ஆயுளில் ஒரு மனிதனை நான் அவ்வளவு வெறுத்ததில்லை. வெறுத்தால் நெஞ்சு வேகமாக அடிக்கிறது, அது பிள்ளைக்கு ஆகாது என்று அதையும் நிறுத்திக்கொண்டேன்.

ஐம்பது நிமிஷம் ஆனது. கடைசியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். தந்தி அலுவலகப் பொறுப்பாளர் பாய்தர் பாபு மேடைக்கு வரவும். நான் போகவில்லை. மூன்று முறை கூப்பிட்டார்கள். என்ன அடக்கம் பாருங்கள் என்று மகாபாத்ரா கூட்டத்தில் சொன்னது கேட்டது. பிறகு அவரே உள்ளே வந்தார், கையில் ஒரு சம்பல்பூர் சால்வை, பின்னால் போட்டோக்காரர்.

சட்டையில்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு, எளிமை, எளிமை என்று சொல்லிக்கொண்டே சால்வையை என்மேல் போர்த்தினார். தடித்த நூல் சால்வை. தீதி உடனே அதை இழுத்துப் பிள்ளையின் தலைவரை மூடினாள். அந்த ஏழு நாளில் முன்னுரிமை மீட்புப் பிரிவு என் பேத்திக்கு வேண்டுமென்றே கொடுத்ததாகச் சொல்லக்கூடிய சூடு அது ஒன்றுதான், அதுகூட எனக்குக் கொடுத்தது.

போட்டோ எடுத்தார்கள். தீதி ஒரு காகிதத்தையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள். சால்வைக்கான ரசீதா என்று கேட்டார். ஆமாம் சார் என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார். அது கோகுலாவின் மூன்றாவது லைன் கிளியர் சீட்டு. வாசலில் காத்திருந்த கோகுலா அதைப் பிடுங்கிக்கொண்டு கம்பத்துக்கு ஓடினான். ஐந்து நிமிஷத்தில் வார்மரின் கம்பி சிவந்தது. பிள்ளையை என் மார்பிலிருந்து எடுத்தபோது அது வாய்விட்டு அழுதது. நானும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பதினோராம் நாள் கரண்டு வந்தது. கல்யாண மண்டபமும் அதே கம்பி என்பதால், அன்றைக்கு அங்கே ஒரு முகூர்த்தம் இருந்ததால் வந்தது. அதற்குள் ஜிலி எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள். மருமகனும் சூரத்திலிருந்து வந்துசேர்ந்தான். யாரோ போனில் தந்தி படித்தார்கள் மாமா, குரலே அழுகிற மாதிரி இருந்தது என்றான்.

நான் அனுப்பிய முதல் தந்திக்கு ஒரு மாதம் கழித்து மகாபாத்ராவிடமிருந்து பதில் வந்தது. தாங்கள் குறிப்பிட்ட ஆஸ்பத்திரி மூன்றாம் நாளே மீட்கப்பட்டுவிட்டது, சான்று இணைத்துள்ளோம். இணைப்பில் தண்டபாணியின் கையெழுத்து.

இந்த முறை பட்டியலைத் திருத்தும் கூட்டம் உண்மையாகவே நடந்தது. தந்தி அலுவலகப் பொறுப்பாளர் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். மினத்தி தீதியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியை முதல் எண்ணில் சேர்க்கவேண்டும் என்று அவள் எழுதிக்கொண்டுபோய்ப் படித்தாள். குறைமாசப் பிள்ளையின் கதையை முழுவதும் சொன்னாள். ஐம்பது நிமிஷத்தையும் சொன்னாள். மகாபாத்ரா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பதில் சொன்னார்.

"சிஸ்டர் சொன்னதை வெச்சே சொல்றேன். ஆவணப்படி ஆஸ்பத்திரிக்கு மூணாம் நாளே கரண்டு வந்தாச்சு, அதனால குறையில்ல. இல்ல, வரலைன்னே வெச்சுக்குவோம். பதினோரு நாள் கரண்டே இல்லாம அந்த ஆஸ்பத்திரி நடந்திருக்கு. தாய் பிழைச்சா. அந்தப் பிள்ளை ஐம்பது நிமிஷம் மெஷினே இல்லாம பிழைச்சிருக்கு. அப்ப யாருக்குக் கரண்டு அத்தியாவசியம் இல்லைங்கறதுக்கு இதைவிட என்ன சான்று வேணும்? ஆனா தார்கரைப் பாருங்க, கரண்டு குடுத்ததும் பூஜ்யத்துலேர்ந்து நூத்துப் பன்னெண்டு."

தார்கர் முதல் எண்ணில் நீடித்தது. எருமைக் கொட்டகை நாலிலிருந்து இரண்டுக்கு உயர்ந்தது.

பேத்திக்கு இப்போது ஒன்றரை வயது. கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, செனாபோடோவின் கருகிய ஓரத்தை மட்டும் கேட்டு அழுகிறாள். போன வாரம் ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். முன்னெல்லாம் எச்சரிக்கை கேட்டால் ஊர்க்காரர்கள் மெழுகுவத்தி வாங்க ஓடுவார்கள். இந்த முறை பாதிப்பேர் என் கடைக்கு வந்து, காலி மிட்டாய்ப் பெட்டி அட்டைகளைக் கேட்டு வாங்கி, அப்போதே உட்கார்ந்து எழுதி, பெயரும் முகவரியும் போன் நம்பரும் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். புயலுக்கு முன்பே இரண்டு நாள் கணக்கு சேர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மினத்தி தீதி தையற்காரனிடம் இரவல் வாங்கிய அளவு நாடாவோடு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மூன்று வார்மர் வந்திருக்கின்றன, பழையதோடு நாலு. பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்கள் ஊரில் ஆறு பேர். அவள் என் கடை வாசலின் அகலத்தை அளந்தாள், கண்ணாடிப் பெட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கும் இடத்தை அளந்தாள், விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

"மூணு உள்ள நிக்கும். நாலாவதை வாசல்லயே போடலாம்னா, அகலம் நாலு விரக்கடை பத்தாது, மௌசா," என்றாள்.

நான் தச்சனுக்கு ஆள் அனுப்பினேன்.